மீட்ட எலிகளுக்கு எது நல்லது: காப்பகமா, வீடா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி வீட்டைக் காலி செய்தவர்கள், ஒரு கூண்டையும் அதில் ஏழு எலிகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். கடையில் வாங்கி வளர்த்த வெள்ளை எலிகள். "ஏரிக்கரையில விட்டுடும்மா, அதுபாட்டுக்குப் பொழச்சிக்கும்" என்றார் கீழ்வீட்டு அக்கா. பிழைக்காது. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்த இனம் அது. வெள்ளை உடம்பு பருந்துக்கும் பூனைக்கும் தூரத்திலேயே தெரிந்துவிடும். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆக, மிச்சம் இருப்பது இரண்டே வழி.

காப்பகத்தின் பலம் கூட்டம். எலிக்குத் தனிமை ஆகாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கும். ஒன்றின் பிடரியை இன்னொன்று நக்கிச் சுத்தம் செய்யும். நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. இதன் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான் என்பதால், வீட்டில் ஜோடி போனதும் மீந்த எலிக்குத் துணை தேடி அலைய வேண்டும். காப்பகத்தில் துணை ஏற்கெனவே இருக்கும். ஆணும் பெண்ணும் கலந்து கிடைத்தாலும் காப்பகமே மேல். கர்ப்பம் சுமார் 22 நாள். குட்டிகள் ஐந்தாவது வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இரண்டு அறை வீட்டில் எத்தனை கூண்டு வைப்பது?

ஆனால் அதே கூட்டம்தான் ஆபத்தும். வளர்ப்பு எலிகளின் மூச்சுக்குழாயில் மைக்கோபிளாஸ்மா கிருமி பெரும்பாலும் இருக்கும். கூண்டில் சிறுநீரின் அம்மோனியா நெடி ஏறினாலோ, புது எலிகள் வந்துகொண்டே இருந்தாலோ அது நோயாகக் கிளம்பும். எலி சீக்கை வெளியே காட்டாது. கண்ணோரம் சிவப்பாகக் கசிவதும் (ரத்தம் அல்ல, கண்ணீரில் வரும் நிறமி), அக்குளில் சுண்டைக்காய் அளவு கட்டி திரள்வதும் தினமும் கையில் எடுப்பவருக்குத்தான் தெரியும். பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி சகஜம். சின்னதாக இருக்கும்போதே கண்டால் அறுத்து எடுக்கலாம். நாற்பது எலியை ஒருவர் பார்க்கும் இடத்தில் இது தவறிப்போகும். எனக்கு இந்த ஒரு காரணமே பெரிது.

வீட்டிலும் சிரமம் உண்டு. நாய், பூனை பார்க்கிற டாக்டர் எல்லோரும் எலியைக் கையில் எடுப்பதில்லை; எடுப்பவரை முன்கூட்டியே கண்டுபிடித்து வைக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் கூண்டு ஜன்னலோரம் இருக்கக் கூடாது.

என் தீர்ப்பு: ஒரே பாலினத்தில் இரண்டு முதல் நான்கு எலி என்றால் வீடு. அதற்கு மேல், அல்லது கலந்து இருந்தால் காப்பகம். அங்கே போனதும் குட்டிகளைப் பார்த்து மயங்காமல், "வயசானதுங்க எங்க இருக்கு?" என்று கேளுங்கள். அவற்றின் கூண்டு தரைமட்டமாக, மெத்தென்ற துணி விரித்து இருந்தால் நம்பி விடலாம்.

நான் நான்கு ஆண்களை அப்படி ஒரு இடத்தில் சேர்த்தேன். மூன்று பெண்களை வைத்துக்கொண்டேன். அதில் ஒன்றுக்கு இப்போது இரண்டரை வயது. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. முன்கையால் பருப்பைப் பிடிக்க முடியவில்லை. ராகிக் கூழை ஸ்பூன் நுனியில் நீட்டுகிறேன். நக்கி முடித்ததும் பல்லை நறநறவென்று அரைக்கிறாள், கண்முழி துடிக்கிறது. எலி நிம்மதியாக இருந்தால் அப்படித்தான் செய்யும். மற்ற இரண்டும் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன.