ஒரு கிளாஸ் நன்னாரியும் பதினைந்து ஒரு மார்க்கும்

மதுரையில், வைகைக்கு வடகரையில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அதன் வாசலுக்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில் ஒரு சர்பத் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பிள்ளைகளைக் கேட்டால் மரத்தடிக் கடை என்பார்கள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் வேதியியல் டியூஷன் எடுக்கிறவள். பதினோரு வருடமாக வேதியியல் பொதுத்தேர்வு அன்று மதியம் இந்தக் கடையில்தான் நிற்கிறேன். 1:15க்கு மணி அடித்ததும் வினாத்தாள் என் கைக்கு முதலில் வருவது இங்கேதான்.

முதலில் சர்பத். நன்னாரி சர்பத் 20 ரூபாய், சோடா ஊற்றினால் 30, பால் சர்பத் 35. நன்னாரி வேரை இவர்களே ஊறவைத்துக் காய்ச்சுகிறார்கள். அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் சப்ஜா விதை, உடைத்த ஐஸ். இனிப்பு அளவாக இருக்கும். முதல் வாய் விழுங்கியதும் மூக்கின் உள்ளே ஒரு மண்வாசம் ஏறும் பாருங்கள், அதுதான் நல்ல நன்னாரிக்கு அடையாளம். அந்த மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிஹைடு. வனிலாவின் மணம் 4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிபென்சால்டிஹைடு. மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான், தொகுதிகள் உட்கார்ந்திருக்கிற இடம்தான் வேறு. மாற்றியம் நடத்தும்போது வருடா வருடம் இதைச் சொல்வேன். சொன்னதை ஞாபகம் வைத்திருந்து, கிளாஸை முகர்ந்துகொண்டே "மிஸ், ஐசோமர்!" என்று கத்துகிறவன் ஒருவனாவது இருப்பான்.

இனி நான் இந்த விமர்சனத்தை எழுதுவதற்கான காரணம். விலைப்பட்டியல் எழுதிய கரும்பலகை ஒன்று மரத்தில் சாத்தியிருக்கும். வேதியியல் தேர்வு நாளில் கடைக்கார அண்ணன் அதைத் திருப்பி வைத்துவிடுவார். பின்பக்கம் காலியாக இருக்கும். ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண் போட்டு, பிள்ளைகள் ஒரு மார்க் விடைகளை அதில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: "கிளாஸ் காலியாகாம சாக்பீஸ் கெடையாது." வியாபாரத் தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வந்த பிள்ளை வயிற்றில் ஏதாவது இறங்கிய பிறகு பேசினால் சண்டை பாதியாகக் குறைகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

குறைகிறதே தவிர நிற்காது. ஒரு வருடம் இரண்டு பையன்கள் பலகை முன்னால் பத்து நிமிடம் மோதிக்கொண்டார்கள். பதினைந்தில் பதினொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவன் அழுகிற நிலைக்கே போய்விட்டான். கடைசியில் பார்த்தால் இவனிடம் ஏ டைப் வினாத்தாள், அவனிடம் பி டைப். கேள்விகளின் வரிசையே வேறு. "மாப்ள, மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?" என்று ஆளுக்கு ஒரு அடி போட்டுக்கொண்டு இன்னொரு சர்பத் வாங்கினார்கள். இன்னொரு தடவை ஒருத்தி "அணைவு எண் 6" என்கிறாள், இன்னொருத்தி "இல்லடி, கோஆர்டினேஷன் நம்பர்தான் 6" என்று மல்லுக்கு நிற்கிறாள். ஒருத்தி தமிழ் மீடியம், ஒருத்தி இங்கிலீஷ் மீடியம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிஹெச் சண்டை. பிஹெச் என்பது ஒரு கரைசல் அமிலமா காரமா என்று சொல்கிற எண்; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் மதிப்பு என்ன? பாதிப் பேர் யோசிக்காமல் 8 என்று போட்டிருந்தார்கள். "எட்டுன்னா அது காரம். சோப்புத் தண்ணி வகையறா. அமிலத்தை எவ்வளவு நீர்க்க வெச்சாலும் அது காரமா மாறுமா?" என்று கேட்டேன். எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒரு பழத்த அண்டாத் தண்ணில புழிஞ்சா புளிப்பு தெரியாமப் போகும் டீச்சரம்மா. சோப்பாவா ஆயிரும்?" இவ்வளவுதான் விஷயம். தண்ணீரிலிருந்து வருகிற ஹைட்ரஜன் அயனியையும் சேர்க்க வேண்டும். சும்மா கூட்டினால் 6.96, தண்ணீரின் சமநிலையையும் கணக்கில் எடுத்தால் 6.98. எப்படிப் போட்டாலும் ஏழைத் தாண்டாது. நான் வகுப்பில் முக்கால் மணி நேரம் நடத்தியதை அவர் எலுமிச்சம்பழத்தில் முடித்துவிட்டார்.

இந்தக் கடையில் இன்னொரு வசதியும் உண்டு. மரத்துக்குப் பின்னால், ரோட்டுக்கு முதுகைக் காட்டி ஒரு கல் பெஞ்ச். சரிபார்க்க விரும்பாத பிள்ளைகள் அங்கே போய் உட்காரலாம். கிளாஸை அண்ணனே கொண்டுபோய்க் கொடுப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். இதன் அருமை எனக்கு ஒரு பையனால் தெரிந்தது. அவன் பாட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தான். நான்தான் கூப்பிட்டு, "முகப்பு மைய கனச்சதுரம், பொதிவுத் திறன் என்ன போட்ட?" என்றேன். "74 சதவீதம் மிஸ்" என்றான். சரியான விடை. குறியீடு என்ன என்றேன். 'ஆ' என்றான். அது 68க்கான குறியீடு. ஒரு மார்க்கில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும், இரண்டில் ஒன்று தப்பானாலும் பூஜ்யம்தான். அது அவனுக்கும் தெரியும். எழுபது மார்க்கில் போனது ஒன்றே ஒன்று. ஆனால் அவன் அப்படியே நின்ற நிற்பு இருக்கிறதே... அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனைத் தோளோடு அணைத்துப் பின் பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து நானாகக் கூப்பிட்டு யாரிடமும் கேட்பதில்லை. பலகையில் எழுதியது தப்பாக இருந்தால்கூட, "மிஸ், இது கரெக்டா?" என்று யாராவது கேட்டால்தான் வாயைத் திறக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கிளாஸ் கழுவுவது ஒரே வாளித் தண்ணீரில். கூட்டம் ஏற ஏற அந்தத் தண்ணீரின் நிறமும் ஏறும், எனவே முதல் ஆளாகப் போய்விடுங்கள், அல்லது வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகிறேன். சில்லறை தகராறு உண்டு. பெற்றோர்களின் வண்டிகள் பெஞ்ச் வரைக்கும் வந்து நிற்கும், யாரும் நகர்த்த மாட்டார்கள். போன வருடம் வேதியியல் அன்று இதைவிடப் பெரிய கோளாறு. 1:30க்கே காய்ச்சிய சிரப் தீர்ந்துபோய், ஏதோ பாட்டில் எசன்ஸை ஊற்றிவிட்டார். முகர்ந்ததுமே வனிலா தூக்கலாக அடித்தது. "அண்ணே, மெத்தாக்சி இடம் மாறியிருச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, என் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். ஆனால் காசு வாங்கவில்லை. அன்று எசன்ஸ் குடித்த யாரிடமும் வாங்கவில்லை.

இந்த வருடமும் வேதியியல் முடிந்த பிறகு உயிரியல் தேர்வு அன்று போயிருந்தேன். உயிரியலுக்கு என்னிடம் யாரும் படிப்பதில்லை, சர்பத்துக்காகத்தான். பலகையைத் திருப்பிப் பார்த்தேன். வேதியியல் விடைகள் பதினைந்தும் அழியாமல் அப்படியே இருந்தன, பதினோராவதைச் சுற்றி மூன்று வட்டம். முன்பக்கத்தில் மட்டும் 20 அழிந்து 25 ஆகியிருந்தது.