பாலைவனத்தில் ஹெலிகாப்டர் பயிற்சியைப் படம் பிடிக்க: கேனான் 100-400

ராணுவ ஹெலிகாப்டர்கள் பாலைவனத்தில் இறங்கிப் பழகுவதைப் படமெடுக்க ஒரே ஒரு லென்ஸ்தான் கொண்டுபோகலாம் என்றால் நான் எடுப்பது கேனான் ஈஎஃப் 100-400 மிமீ ஜூம், 2014-இல் வந்த இரண்டாம் பதிப்பு. அங்கே லென்ஸ் மாற்றவே முடியாது. ஒரு நொடி கேமராவைத் திறந்தாலும் மாவு மாதிரித் தூசி சென்சாரில் போய் உட்கார்ந்துவிடும்.

சினூக் ஹெலிகாப்டர் தரையை நெருங்கும்போது தூசி பின்னாலிருந்து எழுந்து வால், கதவு, மூக்கு என்று ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே வரும். விமானிக்குத் தரையே தெரியாது. அந்த நேரத்தில் கதவிலிருந்து தலையை வெளியே நீட்டி, இன்னும் எத்தனை அடி, தூசி எதுவரை வந்துவிட்டது என்று இன்டர்காமில் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர் பின்னால் இருக்கும் க்ரூமேன், அதாவது விமானிக்கு உதவும் பணியாளர். எனக்கு வேண்டியது அவர் முகம். 100-இல் முழு ஹெலிகாப்டர், வளையத்தை ஒரு திருப்பு திருப்பினால் 400-இல் அவர்: கண்ணாடி விளிம்பில் அப்பிய வெள்ளைத் தூசி, கதவை இறுக்கிப் பிடித்த கையுறை, எல்லாம் தெளிவாக விழுகிறது.

ஷட்டர் வேகத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் ரோட்டர், அதாவது மேலே சுழலும் இறக்கைத் தொகுதி, நிமிடத்துக்குச் சுமார் 258 தடவைதான் சுற்றும், 1/1000 நொடி வைத்தால் இறக்கைகள் அப்படியே உறைந்து பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டது போல ஆகிவிடும். நான் வைப்பது 1/125, தைரியமிருந்தால் 1/60. ஒன்றரை கிலோவுக்கு மேல் எடையுள்ள லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வேகத்தில் எடுக்க முடிகிறதென்றால் அது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஐஎஸ்ஸின் புண்ணியம். பறந்து போவதைத் தொடர்ந்து எடுக்க ஐஎஸ்ஸை மோட் 2-இல் வைப்பேன். பத்தில் மூன்று தேறினால் எனக்கு நல்ல நாள்.

ஒன்று கவனியுங்கள், ஜூம் செய்யும்போது குழல் நீளும், அப்போது வெளிக்காற்றும் உள்ளே போகும். தூசி மேகம் வருவதைப் பார்த்ததும் குழலைச் சுருக்கி, குழல் நகராமல் பிடிக்கும் டென்ஷன் வளையத்தை இறுக்கி, முதுகைக் காட்டிக் குனிந்து கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். 77 மிமீ ஃபில்டர் போடாமல் போகவே போகாதீர்கள். முன்பு வேறொரு லென்ஸில் மணலை ஊதித் தள்ளாமல் துணியால் துடைத்து, கண்ணாடியில் வட்டவட்டமாகக் கீறல் வாங்கியிருக்கிறேன். முதலில் ப்ளோயர், அப்புறம்தான் துணி.

வெயில் ஏறிய பிறகு 400-இல் எடுப்பதெல்லாம் கானல் அலையில் கரைந்துவிடும், அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.

இரவுக்கு மட்டும் இது போதாது. இறக்கை முனையின் உலோகப் பட்டையில் மணல் உரசிப் பொறி பறந்து, ரோட்டரைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். ஆப்கானிஸ்தானில் போரிட்டு 2009-இல் உயிரிழந்த இரண்டு வீரர்களின் நினைவாக அதற்குக் கோப்-எட்செல்ஸ் என்று பெயர். 400-இல் இந்த லென்ஸ் திறக்கக்கூடிய அளவான எஃப் 5.6-இல் அது மங்கலாகத்தான் பதிகிறது. இன்னொரு கேமராவில் அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 1.4 லென்ஸை முகாமிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். ஃப்ளாஷ், ஃபோகஸ் உதவி விளக்கு, பின்திரை மூன்றையும் அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் இரவுப் பார்வைக் கண்ணாடி வழியாகத்தான் தரையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.