டர்பன் வளாகத்தின் இலவச மளிகைப் பை எப்படி இருக்கிறது?

எங்கள் வளாகத்தில் மாணவர் நலப் பிரிவு மாதம் ஒரு மளிகைப் பை தருகிறது. எந்த வளாகம் என்று சொல்லப் போவதில்லை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறது. நான் முனைவர் பட்டத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரன். அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ் என்ற மாணவர் நிதியுதவி இந்நாட்டு மாணவர்களுக்கானது. அதுவும் பொதுவாகக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால்தான். எனக்கு வரவேண்டிய உதவித்தொகையோ நினைத்தபோது வரும். அதனால் ஓசிதானே என்று விட்டுக்கொடுக்காமல், இதை நம்பிச் சாப்பிடுகிறவனாக எழுதுகிறேன்.

பையில் இருப்பவை: மக்காச்சோள மாவு, அரிசி, பருப்பு, காய்ந்த சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரி), தக்காளிச் சாற்றில் ஊறிய பில்ச்சர்ட் என்ற மத்தி வகை மீன் டின்கள், ரூய்போஸ் என்ற மூலிகைத் தேயிலை. இங்கே வாட் வரி 15 சதவீதம். ஆனால் மக்காச்சோள மாவு, அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், பில்ச்சர்ட் டின் எதற்கும் அந்த வரி கிடையாது. பசங்க விரும்பும் நூடுல்ஸுக்கு உண்டு. கொடுக்கிற காசு வரிக்குப் போகாமல் சோறாகட்டும் என்று யாரோ கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் விடுதியில் தங்கிச் சமைத்தவர் இல்லை.

பீன்ஸைத்தான் சொல்கிறேன். இரவே ஊறப்போட வேண்டும், மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும். ஒரு மாடிக்கே ஒரு சமையலறை, அடுப்பில் நாலு தட்டு, அதில் ஒன்று சூடாவதே இல்லை. நாம் பீன்ஸை ஏற்றிவிட்டு நின்றால், பின்னால் முட்டையும் கையுமாக ஒருவன் பெருமூச்சு விடுவான். சரி, பாதி வெந்ததே போதும் என்று இறக்கவும் முடியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்காவிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். எனவே மாதக் கடைசியில் அலமாரியில் பீன்ஸ் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், பசங்க தேநீரைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள்.

எனக்குக் கைகொடுத்தது வொண்டர்பேக். 2008-ல் இந்நாட்டின் சாரா காலின்ஸ் உருவாக்கிய, சூட்டை வெளியே விடாத பஞ்சுமெத்தை மாதிரியான பை. காலையில் பானையை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு அதற்குள் வைத்து இறுக்கிவிட்டு ஆய்வகம் போகிறேன். சாயங்காலம் வந்தால் பீன்ஸ் விரலில் நசுங்குகிறது. மாடிக்கு ரெண்டு வொண்டர்பேக்கை இரவல் கொடுத்தால் போதும், அந்த அலமாரி காலியாகும்.

டின் மீனுக்கு முழு மதிப்பெண். முள்கூட மென்று தின்னலாம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நண்பனின் ஆயா கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வெங்காயம் தக்காளி நல்லா வதங்கட்டும், மீனைக் கடைசியா போடு, கரண்டியை விட்டுக் கிண்டாதப்பா." அப்படியே செய்தால் ரெண்டு வேளைச் சோற்றுக்கு வருகிறது. புரட்டாசியில் மட்டும் என் டின்கள் பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து பருப்பு வரும். பையில் எண்ணெயும் மசாலாவும் இல்லாதது குறை. வெறும் மக்காச்சோளக் களி எத்தனை நாள் இறங்கும்?

விண்ணப்பப் படிவம்தான் மோசம். 'உணவு தேவைப்படும் காரணத்தை விளக்குக' என்று ஒரு பத்தி அளவு இடம் விட்டிருக்கிறார்கள். அதை நடைபாதையில், எல்லோரும் வந்துபோகும் இடத்தில் நின்று எழுத வேண்டும். கோயில் அன்னதானத்தில் இலை போடுமுன் யாரும் இப்படிக் கேட்பதில்லை. இந்தப் பத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-லேயே பசித்த மாணவர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் இங்கே காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் தேவைப்படுகிறவர்கள் வாங்குங்கள். அந்தப் பத்தியில் 'பசி' என்று மட்டும் எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன், இதுவரை யாரும் பையை மறுக்கவில்லை. ஸ்டூடன்ட் கார்டு கையில் இருக்கட்டும், காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் டின் மீன் தீர்ந்துபோய், அதற்குப் பதிலாக இன்னொரு பாக்கெட் பீன்ஸ் தருவார்கள்.