சின்ன நாயின் உணவு ஒவ்வாமை: இரத்தப் பரிசோதனையா, வீட்டுச் சமையலா, மருந்துணவா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் வளரும் பொமேரியன், டாக்ஸ்ஹண்ட் போன்ற சின்ன நாய்கள் பெரும்பாலும் வீட்டாரின் சாப்பாட்டையே பகிர்ந்துகொள்கின்றன. காலையில் பாணின் ஓரம், மதியத்தில் சோற்றோடு பிசைந்த மீன், மாலையில் பால் தேநீரில் நனைத்த பிஸ்கற் என்று பழகிய நாயொன்று இடைவிடாமல் காதைச் சொறியவும் பாதத்தை நக்கவும் தொடங்கினால், இவற்றில் எதை நிறுத்துவது என்று தெரியாமல் வீட்டார் தடுமாறுவது இயல்பே. கொக்குவிலில் எங்கள் வீட்டில் வளரும் நாலரைக் கிலோ எடையுள்ள பொமேரியனுக்கு இந்த நிலை வந்தபோது, அறிந்தவர்கள் மூன்று வழிகளைச் சொன்னார்கள்: இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது, புதிய உணவொன்றை வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பது, ஒவ்வாமைக்கென்று தயாரிக்கப்பட்ட மருந்துணவை வாங்குவது. அந்த மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

ஒப்பிடுவதற்கு முன்னர், நாயின் அரிப்பு உண்மையில் உணவினால் வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். உணவு ஒவ்வாமையில் காது, பாதம், அடிவயிறு, தொடையிடுக்கு, மலவாயைச் சுற்றிய பகுதி ஆகியன அதிகம் அரிக்கும். காதழற்சி மருந்திட்டதும் ஆறி, சில வாரங்களில் திரும்ப வரும். சில நாய்கள் நாளுக்கு நான்கைந்து தடவை மலம் கழிக்கும் அல்லது அடிக்கடி வாந்தி எடுக்கும். முதுகின் பின்பகுதியும் வாலடியும் மட்டும் உரோமம் உதிர்ந்து சிவந்திருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் நாய்களில் தெள்ளுக்கடி ஒவ்வாமை மிகப் பரவலானது. சோளகம் வீசும் காலத்திலும் வாடைக்காற்றோடு மழை வரும் காலத்திலும் வேறுபாடின்றி அரிப்பு தொடர்ந்தால் உணவின் மேல் சந்தேகம் வலுக்கும். மாரியில் புல் தளிர்க்கும்போது மட்டும் கூடிக் கோடையில் அடங்கினால் காரணம் பெரும்பாலும் சுற்றுச்சூழலில் இருக்கும். நாயின் வயதையும் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்னரே இந்த அரிப்பைத் தொடங்கும் நாய்கள் கணிசமானவை. பல ஆண்டுகள் ஒரே உணவை நன்றாக உண்டுவந்த நாய்க்கும் அதே உணவு ஒவ்வாமற் போகலாம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனை மூன்றிலும் எளிதானதாகத் தோன்றுகிறது: ஒரு தடவை குத்தி இரத்தம் எடுத்தால், தவிர்க்க வேண்டிய உணவுகளின் பட்டியல் கையில் வந்துவிடும். இந்தப் பட்டியலை நான் நம்பவில்லை. நாயின் இரத்தத்தில் ஓர் உணவுக்கெதிரான பிறபொருளெதிரி இருப்பது அந்த உணவை அது உண்டிருக்கிறது என்பதைக் காட்டலாமே தவிர, அதனால்தான் அரிப்பு வருகிறது என்பதை நிறுவாது. நலமான நாய்களிலும் அவை காணப்படுகின்றன. உமிழ்நீரையும் உரோமத்தையும் அனுப்பிச் செய்யும் பரிசோதனைகளின் நிலை இதைவிட மோசம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் செயற்கை உரோமத்தையும் வெறும் உப்புநீரையும் நாயின் மாதிரிகளைப் போல அனுப்பியபோது, அவற்றுக்கும் ஒவ்வாமை முடிவுகள் வந்தன. இப்படிப்பட்ட பட்டியலை நம்பி அரிசியையும் மீனையும் முட்டையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, மெலிந்துபோன நாயோடு வைத்தியரிடம் போவது வீண் துன்பம்.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். இரண்டும் ஒரே முறையின் இரு வடிவங்கள்: நாயின் உடல் அறிந்திராத புரதத்தை மட்டும் சில வாரங்கள் கொடுத்து, அரிப்பு அடங்குகிறதா என்று பார்ப்பது.

வீட்டுச் சமையலின் பலம், சட்டிக்குள் என்ன போகிறது என்பது நமக்குத் தெரியும் என்பதே. ஆனால் யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உணவு ஒவ்வாமையுள்ள 297 நாய்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்தபோது, மாட்டிறைச்சி 34 சதவீதமும், பாற்பொருட்கள் 17 சதவீதமும், கோழி 15 சதவீதமும், கோதுமை 13 சதவீதமும் காரணமாக இருந்தன. மீனும் அரிசியும் அடியில், 2 சதவீதமளவில் நின்றன. இதைப் பார்த்துவிட்டு மீனும் சோறும் கொடுத்தால் போதும் என்று முடிவெடுப்பது தவறு. அந்தப் பதிவுகள் ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் நாய்களைப் பற்றியவை. அவை உண்டு பழகியவற்றையே அந்த எண்கள் காட்டுகின்றன. உடல் தான் சந்தித்த புரதத்தின் மேல்தான் ஒவ்வாமை கொள்ளும். பாசையூரிலோ குருநகரிலோ வாங்கிய சூடையையும் விளைமீனையும் நாள் தவறாமல் உண்ணும் எங்கள் நாய்களுக்கு மீன் புதிய உணவே இல்லை. ‘மீன் மட்டும்’ என்று உறையில் அச்சிட்டு விற்கும் கடை உணவும் இதே காரணத்தால் இங்கு பயன்படாமற் போகலாம். அத்தகைய கடை உணவுகள் சிலவற்றில், உறையில் சொல்லப்படாத கோழியும் மாட்டிறைச்சியும் கலந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

எனவே வீட்டுச் சமையலைத் தெரிவுசெய்பவர் முதலில் ஒரு கொப்பியில் நாய் இதுவரை உண்டவற்றையெல்லாம் எழுத வேண்டும்; பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் போட்டதும் அதில் அடங்கும். எழுதி முடித்தபின் எஞ்சுவது சிலவே. வளர்ப்பவர் தெரிந்திருந்தால் முயல் இறைச்சி மிக நல்லது. இதுவரை கொடுத்ததில்லையென்றால் பன்றி இறைச்சியும் பொருந்தும். ஆட்டிறைச்சியைப் பலர் பரிந்துரைத்தாலும், மாடும் ஆடும் நெருங்கிய இனங்கள் என்பதால், பாலும் மாட்டிறைச்சியும் பழகிய நாய்க்கு அதைப் புதியதென்று நம்பிவிட முடியாது. சோற்றுக்குப் பதிலாக அவித்த வத்தாளங்கிழங்கு போதும். ஐந்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி தேவைப்படும். அவித்த முயல் இறைச்சி 100 கிராமும் கிழங்கு 200 கிராமும் அதை நிறைவுசெய்யும். உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி எதுவும் சேரக்கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. உடல் சிறிதாக இருப்பதால் ஆபத்தான அளவை அது விரைவில் எட்டிவிடும். இந்தச் சாப்பாட்டில் கல்சியம் மிகக் குறைவு. வளர்ந்த நாய் சில வாரங்களுக்கு அதைத் தாங்கும். குட்டிக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

மருந்துணவின் வழி வேறு. அதில் புரதத்தை நொதியங்களால் மிகச் சிறு துண்டுகளாக உடைத்துவிடுகிறார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் கலத்தின் மேல் அருகருகே நிற்கும் இரண்டு பிறபொருளெதிரிகளை ஒரே புரதம் பாலம்போல இணைத்தால்தான் அந்தக் கலம் வெடித்து அரிப்பை உண்டாக்கும். துண்டு சிறியதாக இருந்தால் பாலம் போட நீளம் போதாது. நாய் முன்னர் என்ன உண்டது என்ற கேள்வியின் கனத்தை இது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. சத்துகளும் நிறைவாக இருப்பதால் குட்டிகளுக்கும் இதுவே ஏற்றது, அவற்றின் வயதுக்குரியதா என்று கேட்டு வாங்கினால். குறையும் உண்டு: சில வகைகள் கோழியிலிருந்தே செய்யப்படுகின்றன, கோழி ஒவ்வாத நாய்களில் சில அதற்கும் அரிப்புக் காட்டுகின்றன.

விலையைச் சொல்லித்தான் பெரும்பாலோர் இதை ஒதுக்குகிறார்கள். கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் செலவு இன்னும் கூடும் என்பதும் உண்மை. ஆனால் கணக்கை நாயின் அளவுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 95 கிராம் உலருணவு போதும். எட்டு வாரங்களுக்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முப்பது கிலோ நாய்க்கு அதே காலத்தில் இருபது கிலோ வேண்டும். சின்ன நாய் வைத்திருப்பவருக்கு இது ஒரு வாய்ப்பு. முயல் இறைச்சிக்காக ஊரூராக அலைவதையும் சேர்த்துப் பார்த்தால், உணவு வரலாறு தெளிவில்லாத சின்ன நாய்க்கு நான் மருந்துணவையே முதலில் சொல்வேன். முயலோ பன்றியோ உறுதியாகக் கிடைக்கும் வீட்டாருக்கு, நாய் வளர்ந்ததாக இருந்தால், வீட்டுச் சமையல் எவ்விதத்திலும் குறைந்ததன்று.

எந்த வழியானாலும் எட்டு வாரம் தேவை. ஐந்து வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களும், எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவையும் குணம் காட்டுகின்றன என்பது பதிவுகளிலிருந்து தெரிந்தது. முதல் வாரங்களில் அரிப்பு தாங்க முடியாததாக இருந்தால் மிருக வைத்தியர் பிரெட்னிசொலோன் போன்ற மருந்தைக் கொடுத்து அடக்கலாம். மருந்தை நிறுத்திய பின்னும் உணவைத் தொடர்ந்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்ப்பது அவசியம். இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரைகளையும் அவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். சின்ன நாய் புதிய உணவை ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டால் காத்திராமல் அவரிடம் சொல்ல வேண்டும். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரமும் பொறுக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் முதல் முயற்சி மூன்றாம் வாரத்தில் குலைந்தது. பிள்ளை பசியோடு பார்க்கிறதே என்று அம்மம்மா நாள்தோறும் ஒரு மாரி பிஸ்கற்றைக் கொடுத்துவந்தார். அதில் கோதுமையும் பாலும் இருந்தன. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாய்க்குக் கொடுக்காமல் தான் உண்ணத் தெரியாதவர் அவர். இரண்டாம் முறை அவருடைய கையிலேயே மருந்துணவுக் கிண்ணத்தைக் கொடுத்தோம். நாளுணவிலிருந்து எடுத்த இருபது மணிகளை அவர் தன் கையாலே ஒவ்வொன்றாக ஊட்டினார். ஆறாம் வாரத்தில் பாதத்தின் சிவப்பு மறைந்தது.

எட்டு வாரம் முடிந்தபின் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம். இந்தப் படியைத் தவிர்த்தால் குணம் வந்ததற்குக் காரணம் உணவா, பருவமா என்பது தெரியாமலே போய்விடும். ஒவ்வோர் உணவுக்கும் இரண்டு வாரம் விட்டோம், ஏனெனில் ஒவ்வாதது பெரும்பாலும் அதற்குள் தன்னைக் காட்டிவிடும். மீனுக்கும் சோற்றுக்கும் எதுவும் நடக்கவில்லை. கோழியைக் கொடுத்த நான்காம் நாள் காலை, காது மறுபடி சிவந்திருந்தது.