பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கு

எங்களுடையது புதுச்சேரியில் ஒரு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பம். அம்மாவின் தாத்தாவும் அவர் தம்பியும் முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குக் கப்பலேறினார்கள், அண்ணன் திரும்பி வந்தார், தம்பி வரவில்லை. வீட்டில் தெரிந்த கதை இவ்வளவுதான். எங்கே, எப்போது இறந்தார் என்று பாட்டிக்கே தெரியாது. அதைத் தேடப் போய்த்தான் பிரெஞ்சு ராணுவ அமைச்சகம் நடத்தும் ‘மெமுவார் தெஸோம்’ இணையதளத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முழுக்க இலவசம். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் பணம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தவன் நான்.

1914-18 போரில் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்’ என்று அறிவிக்கப்பட்ட 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த அட்டையின் படத்தையே திறந்து பார்க்கலாம். பெயர், பதவி, படைப்பிரிவு, ராணுவ எண், பிறந்த தேதி, ஊர், இறந்த தேதி, இடம், எப்படி இறந்தார் என்பது வரை இருக்கும். படைப்பிரிவின் பெயர் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் அந்தப் பிரிவின் போர்க்கால நாட்குறிப்பையும் தேடிப் படிக்கலாம்.

தடுமாற வைப்பது பெயர்தான். நம் பெயர்களைப் பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘உ’ ஓசைக்கு அவர்கள் ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்து போடுவார்கள், அதனால் சவரிமுத்துவில் வரும் ‘முத்து’ நாம் இங்கிலீஷில் எழுதுகிற மாதிரி அங்கே இருக்காது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயர் ஒரு மாதிரி, தம்பி பெயர் வேறு மாதிரி இருப்பதும் உண்டு. நான் எட்டு விதமாக எழுத்தை மாற்றிப் போட்டேன். ஒன்பதாவதில் ‘பிறந்த இடம்: புதுச்சேரி’ என்று வந்தபோது கை நடுங்கிவிட்டது. குண்டடிபட்டுச் சாகவில்லை. பணியில் வந்த நோயால் ராணுவ மருத்துவமனையில் இறந்திருக்கிறார், வயது 22.

உயிரோடு திரும்பியவருக்கு இந்த அட்டை கிடையாது, அதனால் அண்ணனை அங்கே தேடிப் பயனில்லை. அவருக்கு நான் போனது எக்ஸான்புரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்துக்கு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், இதுவும் இலவசம். ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், எல்லாம் பிரெஞ்சுக் கையெழுத்து, பொறுமை வேண்டும். பல பதிவேடுகளின் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கும், அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் ஒன்று, 1881-க்கு முன்னால் போகும்போது குடும்பப் பெயரை நம்பாதீர்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 21 ஆணைக்குப் பிறகுதான் நம் ஆட்களில் பலர் சொந்தச் சாதி, சமய வழக்குச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ‘ரெனோன்சான்’ (துறந்தவர்) ஆகி, புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அப்பா பெயர், ஊர், சாட்சிகளின் பெயர் இவற்றை வைத்துத்தான் நூல் பிடிக்க வேண்டும். நான் இங்கேதான் இரண்டு வாரம் முட்டிக்கொண்டு நின்றேன்.

பிரெஞ்சு தெரியாதவர்கள் பிறந்தது, இறந்தது, மகன், சாட்சி என்று பத்துப் பதினைந்து வார்த்தை கற்றுக்கொண்டு இறங்கினால் போதும், அட்டைகள் எல்லாம் ஒரே அமைப்பில்தான் இருக்கும். இரண்டு தளங்களுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

தம்பியின் அட்டையை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். இத்தனை வருஷமும் கல்லறைத் திருநாளில் மட்டும் மற்றவர்களோடு சேர்த்து அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வார், நாள் தெரியாததால் தனியாகப் பூசை வைத்ததில்லை. இப்போது தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, கோயிலில் பூசைக்கு எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறார்.