தோள்வலிக்குக் காரணம் கால்தான்

நாற்பத்தாறு வயதில் என் டென்னிஸ் சர்வ் (பந்தைத் தூக்கிப்போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் அடி) பாயின்ட் தரவில்லை, தோள்வலிதான் தந்தது. அதனால் ஆறு வார இணையப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். சர்வ் போடும் வீடியோவை அனுப்பினால், பயிற்சியாளர் அதை நிறுத்தி நிறுத்தித் தவறுகளைக் காட்டுவார்.

முதல் வீடியோவிலேயே குட்டு உடைந்தது. பந்தை உள்ளங்கைப் பக்கமாக அடிக்கும் ஃபோர்ஹேண்ட் அடிக்கான பிடியிலேயே சர்வும் போட்டுக்கொண்டிருந்தேன்! சுத்தியலைப் பிடிப்பதுபோன்ற கான்டினென்டல் பிடிக்கு மாறியதும் இரண்டு வாரம் பந்தெல்லாம் வலையில்தான். அப்புறம்தான் பந்தைத் தொடும் நேரத்தில் முன்கை தானாக வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

அதைவிடப் பெரிய பாடம் கால். முழங்காலை மடக்கித் தரையை உந்த, வேகம் இடுப்பு, தோள், கை என்று வரிசையாக ஏறவேண்டும். நான் கையை மட்டுமே வீசினால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? வலை ஓரத்தில் 107 செ.மீ., நடுவில் 91.4 செ.மீ. என்பதால், முதல் சர்வ் தவறினால் போடும் இரண்டாம் சர்வை நடுக்கோட்டுப் பக்கம் போடச் சொன்னதும் உடனே பலித்தது.

குறை உண்டு. பந்தைத் தூக்கிப்போடும் டாஸுக்கு வெறும் நான்கு நிமிடப் பாடம். எனக்கோ பாதித் தொல்லை அதில்தான். பதில் வரவும் மூன்று நாள் ஆகிறது. இடக்கையாளர்களுக்குத் தனிப் பாடம் கிடையாது, எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் வலக்கை, தப்பித்தேன்.