அறைக்கும் வெந்நீருக்கும் ஒரே விறகு அடுப்பு: சில குளிர்காலங்கள் ஓட்டியபின்

பின்சுவரில் நீரைச் சூடாக்கும் பாய்லர் வைத்த விறகு அடுப்பை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோவாட்?" என்றுதான். நாலைந்து குளிர்காலம் ஓட்டியபின் அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விடும். அந்தக் கிலோவாட்டில் அறைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு, வெந்நீர்த் தொட்டியையும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களையும் சுற்றிவிட்டு பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் என்ன சூட்டில் வருகிறது என்பவைதான் அடுப்பு நன்றாக ஓடுமா, கரி பிடித்துப் படுத்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

சாதாரணக் கணப்பு அடுப்பில் எரியறைச் சுவர் செங்கல். அது சூடேறியதும் தீக்குத் துணை நிற்கும். பாய்லர் அடுப்பிலோ பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர். தீயின் புகை அந்தக் குளிர்ந்த தகட்டில் பட்டதும் முழுக்க எரியாமல் தாராக ஒட்டிக்கொள்ளும். இந்த அடுப்பில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது. தகட்டில் தார் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. போகாத சூடு புகைபோக்கி வழியே வெளியேறும். கண்ணாடி கறுக்கும், வெந்நீருக்குக் காத்திருக்கும் நேரம் நீளும். உடனே அடுப்பு சின்னது, பெரியது வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். பெரியதை வாங்கிக் காற்றைக் குறைத்து மூச்சடைக்க எரித்தால் இன்னும் மோசம்.

இதற்கு மருந்து, திரும்பும் குழாயில் ஒரு கலப்பு வால்வு. திரும்பி வரும் தண்ணீர் 55 முதல் 60 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை, பாய்லரிலிருந்து போகும் சுடுநீரில் ஒரு பகுதியை அது உடனே பாய்லருக்கே திருப்பிவிடும். தொட்டி சூடாகக் கொஞ்சம் தாமதமாகும், தகடு சுத்தமாக இருக்கும். செலவைக் குறைக்கப் பலர் முதலில் வெட்டுவது இந்த வால்வைத்தான். வெட்டக் கூடாத இடம் அது.

கணக்கைப் பார்ப்போம். 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 4.6 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அடுப்பு அதில் முக்கால் பங்கைப் பிடித்து, அதில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தால் இரண்டரைக் கிலோ விறகு போதும். தண்ணீர்ப் பக்கம் 6 கிலோவாட் போகும் அடுப்பானால், தீ நன்றாகப் பிடித்தபின் முக்கால் மணி நேர வேலை. வெயில் காலத்தில் இதே வெந்நீருக்காக அடுப்பை மூட்டினால் மீதிச் சூடு அறையில் இறங்கி, ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களுக்குத் தொட்டியில் ஒரு மின் ஹீட்டரோ சூரிய வெந்நீர்த் தகடோ இருக்கட்டும்.

மேலே சொன்ன 4 யூனிட் 20 சதவீதத்துக்குள் ஈரமுள்ள விறகுக்கு மட்டும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். பத்துக் கிலோ போட்டால் ஐந்து லிட்டரை ஆவியாக்கவே மூன்று யூனிட்டுக்கு மேல் கரைந்துவிடும். ஈரம் பார்க்கும் கருவியை விறகின் வெளிப்பக்கத்திலோ முனையிலோ குத்திவிட்டு 15 சதவீதம் என்று நிம்மதி அடைவது வீண். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். வெட்டிய உடனே 8 முதல் 12 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று ஓட அடுக்கினால் மென்மரம் ஓராண்டில் தயாராகும், கடினமரத்துக்கு இரண்டாண்டு. தார்ப்பாயால் நாலா பக்கமும் போர்த்திய விறகு புழுங்கிப் பூஞ்சை பூக்கும்.

மூட்டுவது மேலிருந்து. பெரிய கட்டைகள் அடியில், அதன்மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளி. தீ கீழே இறங்கி வரும்போது கட்டையிலிருந்து கிளம்பும் வாயு தீயைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் புகை குறையும். காற்றுத் திறப்பை முழுக்க மூடி இரவெல்லாம் கனியவிடும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. பாய்லர் அடுப்பில் அது தார் காய்ச்சுவதற்குச் சமம். சுறுசுறுப்பாக எரித்து, சூட்டைத் தொட்டியில் சேமிப்பதே முறை. தண்ணீர்ப் பக்கம் போகும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 50 லிட்டராவது தொட்டி வேண்டும்.

ஆபத்து விஷயத்தில் சமரசம் வேண்டாம். நீர் வெளிக்காற்றில் திறக்காமல் அழுத்தத்தில் ஓடும் மூடிய அமைப்பானால், மிஞ்சும் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு, சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டி இரண்டும் கட்டாயம். தண்ணீர் 95 டிகிரியைத் தொட்டதும் குளிர்ந்த நீரை விட்டு பாய்லரைத் தணிக்கும் வால்வும் வேண்டும். திறந்த அமைப்பில் பாய்லருக்கும் மேலே திறந்திருக்கும் குழாய்க்கும் நடுவே எந்த வால்வும் வரக் கூடாது. மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், விறகு நிற்காது. அதனால் ஒரு ரேடியேட்டரையாவது பம்ப் இல்லாமல் தானே சுற்றும்படி, மேல்நோக்கியே ஏறும் 28 மில்லிமீட்டர் குழாயில் இணைக்க வேண்டும். நடுவில் ஒரு கூன் விழுந்தாலும் காற்று அடைத்துச் சுற்று நின்றுவிடும். குழாயில் நீர் உறைந்திருக்கும் காலையில் அடுப்பை மூட்டவே கூடாது. நீரின்றிக் காய்ந்த பாய்லரில் திடீரென்று குளிர்நீர் விடுவதும் அப்படித்தான். ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். அடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம்.

பாய்லருக்குள்ளிருந்து கெட்டில் கொதிப்பதுபோல் சலசலப்பு கேட்டால் பெரும்பாலும் உப்புப் படிவு. குழாய்த் தண்ணீரை நேராக பாய்லரில் ஓடவிட்டால் ஒவ்வொரு நாளும் புது உப்பு வரும். பாய்லர் நீரைத் தனிச் சுற்றாக அடைத்து, தொட்டிக்குள் ஒரு சுருள் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் கடத்தினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்று கேஸ்கட்டைச் சோதிக்க, ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கலாம். எளிதில் உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. கண்ணாடிக்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஈரத் தாளில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போதும். சாம்பலை எடுத்தால் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே. உள்ளே புதைந்த தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும்.

புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது, தினமும் எரிப்பவர்கள் இருமுறை, முழுக்கத் துடைக்க வேண்டும். பாய்லர்த் தகட்டுக்கு அது போதாது. எரிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை அடுப்பு ஆறியபின் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டும். பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுக் கதவைச் சற்றே திறந்துவைக்கவும். கரியில் ஈரம் இறங்கினால் அமிலமாகித் தகட்டை அரிக்கும்.